விழுந்த பின் ஏறுவதா, விடுவதா?

(எமது மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் பேசுவதற்கு எம்மிலும் தகுதி வாய்ந்தோர் இச்சபையில் பலர் இருக்கின்றனர். எமக்குக் கிடைத்த பொருளோ துவிச்சக்கர வண்டி. "நீர் விழுந்த கதையையே பேசும், விழுந்தவன் சொன்னால்தான் சபை கேட்கும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார். விழுந்த கதை ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். விழுந்த பின் மீண்டும் ஏறுவதா, அடியோடு விட்டுவிடுவதா என்று தீர்மானிக்க எமக்கு மூன்று மாதங்கள் சென்றன. அந்த மூன்று மாதங்களில் நாம் கற்ற பாடத்தையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கல்முனையிலிருந்து ஒலுவில் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தெருவை அறியாதார் இங்கே இரார். சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர், அட்டப்பள்ளம் என்று ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அதன்மீது அமைந்திருக்கின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ-4 நெடுஞ்சாலையும் அதுவே. எமது பிள்ளைகள் பாடசாலைக்குச் செல்லும் ஊர்த்தெருவும் அதுவே. தூரதேசத்து பஸ், மணல் ஏற்றிய டிப்பர், நெல் மூடை சுமந்த உழவு இயந்திரம், மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள், ஓட்டோ, மாட்டுப்பட்டி இவையனைத்தும் அந்த ஒரே தெருவிற்றான் செல்ல வேண்டும். இவற்றின் ஓரத்தில், எஞ்சிய முழ அகல இடத்தில், துவிச்சக்கர வண்டிக்காரன் செல்ல வேண்டும். கிழமையில் மூன்று நாட்கள் நாமும் அவ்வாறு சென்று வந்தோம்.

சென்ற மாசி மாதம் பெரும்போக அறுவடைக் காலம். பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி, நிந்தவூரை விட்டு வெளியேறும் இடத்தை அடைந்தபோது மாலை ஆறரை மணி இருக்கும். தெருவின் இடது ஓரத்தில் பகல் முழுவதும் நெல் காயப்போட்டிருந்தனர். நெல்லை அள்ளி மூடை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வாகனங்கள் நெல்லின்மேல் ஏறாதிருப்பதற்காக வரிசையாக வைத்த கற்களோ கிடந்த இடத்திலேயே கிடந்தன. மங்கல் வெளிச்சத்தில் முதலாவது கல்லை மிக அண்மையிற்றான் கண்டோம். கண்டதும் பின்னே திரும்பிப் பாராமல் வண்டியை வலப்பக்கம் வெட்டினோம். பின்னால் வந்த வான் ஒன்றின் பக்கக் கண்ணாடி எமது ஹாண்டிலைத் தட்டியது. அதற்குப் பின் நாம் அறிந்தது வாயில் இருந்த மண்ணின் சுவை ஒன்றே.

வானை ஓட்டி வந்தவர் ஓடி ஒளியவில்லை. நிறுத்தி இறங்கி வந்தார். மஃரிப் தொழுகை முடித்து வந்த பெரியவர் ஒருவர் தமது தோளிற் கிடந்த துவாயினால் எமது இடக்கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, "கைய அசைக்காத மனே, பயப்படாத, நாங்க இருக்கம்" என்றார். எமது பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. ஓட்டோவில் ஏற்றித் தாமும் ஏறிக்கொண்டார். காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரங்கள் கை தொட்டிலிற் கிடந்தது.

மறுநாள் வானோட்டி எம்மைப் பார்க்க வந்தார். "தம்பி, உங்கட சைக்கிள்ள பின்லைட் இல்ல. நான் காணவே இல்ல" என்று தலை குனிந்து சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று. பின்விளக்கு உடைந்து இரண்டு வருடங்களாகியிருந்தன.

சபையோரே! எலும்பு பொருந்திவிட்டது. பயமோ பொருந்த மறுத்தது. பஸ்ஸில் யன்னலோரம் அமர்ந்திருக்கும்போதுகூட, பக்கத்தில் ஒரு வாகனம் முந்திச் சென்றால் உடல் சில்லிடும். அதை நண்பர்களிடம் சொல்ல வெட்கம். வீட்டிலோ நாம் சொல்லாமலே ஆலோசனைச் சபை கூடிவிட்டது. அம்மா வண்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டித் திறப்பைச் சாமியறையில் வைத்துவிட்டார். அப்பாவோ, "லீசிங்கில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுப்போம்" என்றார். அம்மம்மா, "சனி பார்வை, எள்ளெண்ணெய் எரித்தால் எல்லாம் தீரும்" என்றார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரித்தோம். அதில் எமக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை. ஆனால் எள்ளெண்ணெய் விளக்கு எரிக்கும் வீட்டில், இரண்டு வருடங்களாக வண்டியின் பின்விளக்கு எரியாதிருந்ததை யார் கவனித்தார்கள்?

இவ்வளவோடு விஷயம் முடிந்திருந்தால், நாம் துவிச்சக்கர வண்டியை விட்டே இருப்போம். ஆனால் சாமியறையில் இரண்டு திறப்புகள் இருந்தன. மற்றது உயர்தர வகுப்பிற் படிக்கும் எமது தங்கையினுடையது. அவளது வண்டியும் அன்றே பூட்டப்பட்டுவிட்டது. அப்பா வேலையால் வரும்வரை காத்திருந்து ரியூசனுக்குப் பிந்திச் செல்வாள். சில நாட்களில் செல்லாமலே இருந்துவிடுவாள். ஒருநாள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "அம்மா, அண்ணா விழுந்ததுக்கு என்ட சைக்கிள ஏன் பூட்டினீங்க?" என்று கேட்டாள். அம்மா பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. எமது பயம் எம்மோடு நில்லாமல் இன்னொருத்தியின் காலையும் கட்டிவிட்டது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். அன்றிரவு எம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டோம்.

முதலாவது கேள்வி: எம்மை வீழ்த்தியது எது?

மிஷன் பாடசாலையில் எமக்குப் பௌதிகவியல் கற்பித்த ஆசிரியர், எந்தக் கணக்கையும் தெரிந்தவை, தெரியாதவை என்று இரு நிரலாகப் பிரித்து எழுதச் செய்வார். அவ்வாறே எழுதிப் பார்த்தோம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடிவிடும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அத்தூரம் கடந்துவிடுகிறது. வேகம் 30இலிருந்து 60 ஆனால் மோதலின் சக்தி இரு மடங்கன்று, நான்கு மடங்காகிறது. ஆகவே வானின் வேகம் ஒரு காரணம். எமது வண்டியில் விளக்கு இல்லாதது இரண்டாவது. பின்னே பாராமல் வெட்டியது மூன்றாவது. தெருவிற் கிடந்த கல் நான்காவது. இந்நான்கில் இரண்டு எம்முடையவை, இரண்டு பிறருடையவை. துவிச்சக்கர வண்டியின் குற்றம் எதுவுமில்லை. குற்றமற்றதைப் பூட்டிவிட்டு, குற்றங்கள் நான்கையும் தெருவில் விட்டு வைத்திருந்தோம்!

இங்கே ஓர் உண்மையை மறைக்காமற் சொல்ல வேண்டும். கல்லை வைத்தவன் யாரோ என்று பல நாட்கள் மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தோம். கைக்கட்டோடு ஒருநாள் பெரியப்பா வீட்டுக்குச் சென்றபோது, அவரது நெல்லும் தெருவோரத்திலே காய்ந்துகொண்டிருந்தது, சுற்றிவரக் கற்கள். அந்தக் கற்களைச் சிறு வயதில் நாமே தூக்கி அடுக்கியிருக்கிறோம். அதன் பின் யாரையும் திட்ட எமக்கு வாய் வரவில்லை.

இரண்டாவது கேள்வி: விட்டுவிட்டால் இழப்பது என்ன?

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோலுக்கு இரவு பகலாக வரிசையில் நின்ற அந்நாட்களில், மூலையிற் கிடந்த பழைய வண்டிகளைத் துடைத்தெடுத்தே ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் வேலைக்குச் சென்றனர். அது அன்று எம்மைக் காப்பாற்றியது. அப்பா சொன்ன மோட்டார் சைக்கிள் எமது வேகத்தைக் கூட்டும். தெருவின் அகலத்தைக் கூட்டாது, கல்லையும் அகற்றாது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021இல் உலகெங்கும் வீதி விபத்துகளில் இறந்தோர் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், துவிச்சக்கர வண்டிக்காரரும், மோட்டார் சைக்கிள்காரருமே. ஐந்து முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணமும் வீதி விபத்தே. ஆகவே ஆபத்து வண்டியை மாற்றுவதால் நீங்குவதில்லை.

பெண்பிள்ளைகள் இழப்பதோ இதனிலும் பெரிது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்போது மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் என்னும் அம்மையார் அதற்கு ஊக்கமளித்தார். வயலிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் பாடுபட்ட பல்லாயிரம் பெண்கள் கேலிப் பேச்சைப் பொருட்படுத்தாது பழகினர். பழகும்போது விழாதவர்கள் இருந்திருப்பார்களா? விழுந்தார்கள், எழுந்தார்கள். பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திராது தண்ணீருக்கும் சந்தைக்கும் சென்றார்கள். அவர்கள் பெற்றதை எமது தங்கையிடமிருந்து நாம் பறித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது கேள்வி: எதைத் திருத்த முடியும்?

இன்று நெதர்லாந்தை சைக்கிள்களின் நாடு என்கிறோம். அங்கே மக்கள் தொகையை விட சைக்கிள்களின் தொகை அதிகம். ஆனால் 1971இல் அந்நாட்டின் தெருக்களில் ஏறக்குறைய 3,300 பேர் மாண்டனர். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். அவர்களுள் ஒருத்தி சைக்கிளிற் பாடசாலைக்குச் சென்ற ஒரு சிறுமி. அவளது தந்தை விக் லாங்கன்ஹோவ் ஒரு பத்திரிகையாளர். 'பிள்ளைக் கொலையை நிறுத்துங்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் 1972இல் எழுதிய கட்டுரை ஒரு பேரியக்கத்துக்கு வித்தாயிற்று. தாய் தந்தையர் பிள்ளைகளோடு தெருவில் இறங்கினர். "பிள்ளைகளே, சைக்கிளை விடுங்கள்" என்று அவர்கள் கேட்கவில்லை. "தெருவைத் திருத்துங்கள்" என்றே கேட்டனர். அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடியும் வந்தது. அரசாங்கம் செவிசாய்த்து, காலப்போக்கில் சைக்கிளுக்குத் தனிப் பாதைகளை அமைத்தது. மகளை இழந்த தந்தை கேட்டது அது. ஒரு எலும்பை மட்டும் முறித்துக்கொண்ட நாம் சாமியறைத் திறப்பைக் கேட்கவும் தயங்கினோம்.

அன்பர்களே! பயமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. பயப்பட வேண்டியவற்றுக்குப் பயப்படாதிருப்பது மூடத்தனம் என்பது வள்ளுவப் பெருந்தகையின் கருத்து. இருட்டில் விளக்கின்றிச் செல்லப் பயப்படுவது அறிவு. அப்பயம் சொல்வதைக் கேட்க வேண்டும். கேட்ட பின், திறப்பை அதன் கையிற் கொடுத்துவிடக் கூடாது.

வைகாசியில் ஒருநாள் காலை அம்மாவிடம் எமது தீர்மானத்தைச் சொன்னோம். இருட்டிய பின் பெருந்தெருவிற் செல்வதில்லை, அன்று பஸ். பின்விளக்கும் சிவப்பு ஒளிதெறிப்பானும் இல்லாமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை. தலைக்கவசம் அணிவோம். வலப்பக்கம் வெட்டுமுன் திரும்பிப் பார்ப்போம். உள்வீதி இருக்கும் இடத்தில் உள்வீதியாற் செல்வோம். அம்மா நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, சாமியறைக்குச் சென்று திறப்பை எடுத்து வந்தார். எமது நெற்றியில் திருநீறு பூசினார். மிச்சத்தை ஹாண்டிலிலும் பூசினார்.

முதல்நாள் கடற்கரை வீதியில் அரை மைல்கூடச் செல்லவில்லை. கால் நடுங்கியது, இறங்கி உருட்டி வந்தோம். மறுநாள் ஒரு மைல். மூன்றாவது கிழமையில் நிந்தவூருக்குச் சென்று, அதே இடத்தில் இறங்கி நின்றோம். அங்கே விசேஷம் எதுவுமில்லை. ஒரு தெரு, ஓரத்தில் மண், இரண்டு கற்கள். அவ்விரண்டையும் தூக்கி வேலியோரம் போட்டுவிட்டு வீடு திரும்பினோம். அடுத்த கிழமை தங்கையின் வண்டிக்கும் விளக்குப் பூட்டி, ரியூசன் வரை உள்வீதியால் அவளோடு சென்று வழி பழக்கினோம். இப்பொழுது அவள் தோழிகளோடு போய் வருகிறாள். அவள் திரும்பி வரும்வரை அம்மா வாசலில் நிற்கிறார் என்பதும் உண்மையே. அந்தப் பயம் ஒரு தாயின் உரிமை. அதை நாம் பறிக்க முடியாது.

விபத்துக்குப் பின் வண்டியை விட்டவர் எவரேனும் இச்சபையில் இருந்தால், அவரைக் கோழை என்று நாம் சொல்லோம். ஒவ்வொருவர் உடலும் காயமும் வேறு. ஆனால் உங்கள் திறப்போடு பிள்ளைகளின் திறப்பையும் சேர்த்துப் பூட்டிவிடாதீர்கள் என்பதே எமது வேண்டுகோள்.

முடிவாக இரண்டு விண்ணப்பங்கள். பெரியோர்களே! நெல் எமது உயிர். அதைக் காயவைக்க வேறு களம் கிடைக்காதபோது தெருவோரத்தை நாடுகிறீர்கள் என்பதை அறிவோம். நெல்லை அள்ளும்போது கல்லையும் அள்ளிவிடுங்கள். பெரியப்பாவிடமும் இதையே கேட்டுக்கொண்டோம். இளைஞர்களே! அடுத்த அறுவடைக்கு முன் ஒரு நாளைச் சிரமதானமாக ஒதுக்கி, எமது பிள்ளைகளின் வண்டிகளுக்கு விளக்கும் ஒளிதெறிப்பானும் பூட்டிக் கொடுப்போம். அயலூர் முஸ்லிம் சகோதரர்களையும் அழைப்போம். விழுந்த எம்மைத் தூக்கிய கைகள் அவர்களுடையவை. தெருவோ நம் எல்லோருக்கும் ஒன்றே.