புல்லட்டில் போனோம், தனுஷ்கோடிக்கு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கல்லூரி நினைவுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எனக்கு முன்னால் பேசியவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். அதனால் எங்க செட்டு நாலு பேர், அறுபதைத் தொட்ட பிறகு, புல்லட்டில் ராமேஸ்வரம் தீவுக்குப் போய் வந்த கதையைச் சொல்கிறேன். படிக்கிற காலத்திலேயே போட்ட திட்டம். அப்போ வண்டி இல்லை. வண்டி வந்தப்போ லீவு இல்லை. லீவு கிடைத்தப்போ முதுகுவலி வந்துவிட்டது!

புதுச்சேரியிலிருந்து கடற்கரையை ஒட்டியே போனால் ராமேஸ்வரம் சுமார் 400 கிலோமீட்டர். இங்கே உட்கார்ந்திருக்கிற தம்பிகள் ஒரே பகலில் போய்விடுவீர்கள். நாங்கள் மூன்று நாள் எடுத்துக்கொண்டோம். மணிக்கு 40-க்கு மேல் போவதில்லை, டீக்கடையைத் தாண்டுவதில்லை என்று ஒப்பந்தம். ஹெல்மெட் மட்டும் கட்டாயம்.

மெதுவாகப் போனதில் ஒன்று புரிந்தது. இந்தக் கரை முழுக்க ஒரு காலத்தில் கப்பல் வந்த ஊர்கள். சீர்காழி தாண்டினால் பூம்புகார். அடுத்து, 1620-ல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடி. அப்புறம் நம்ம காரைக்கால். காலையில் நம் யூனியன் பிரதேசத்தை விட்டுக் கிளம்பி, சாயங்காலம் மறுபடி அதற்குள்ளேயே நுழைகிற வேடிக்கை நமக்கு மட்டும்தான் வாய்க்கும். மறுநாள் டச்சுக்காரர்கள் ஆண்ட நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6000-க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அங்கே வண்டிச் சத்தம்கூட அதிகமாகத் தோன்றியது. வேளாங்கண்ணி, வேதாரண்யம், முத்துப்பேட்டை என்று போய்ப் பட்டுக்கோட்டையில் இரண்டாம் இரவு. மூன்றாம் நாள் மாலை பாம்பன்.

1988-ல் சாலைப் பாலம் திறக்கும் வரை அந்தத் தீவுக்கு ரயில் அல்லது படகுதான். பக்கத்திலே 1914-ல் ரயில் ஓடத் தொடங்கிய பழைய பாலம்; 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே போகும்.

ராமேஸ்வரம் தூங்காத ஊர். விடிவதற்கு முன்பே அக்னி தீர்த்தக் கரையில் ஜனம். ஈரத் துணியோடு 22 தீர்த்தங்களுக்கும் ஓடுகிற கூட்டத்தில் இந்தி, தெலுங்கு, பெங்காலி எல்லாம் காதில் விழுகிறது. சங்குக் கடைக்காரர் எல்லா பாஷையிலும் பேரம் பேசுகிறார். பார்த்துக்கொண்டே நின்றோம். அப்போது எங்கள் நண்பன் சொன்னான்: "தனுஷ்கோடியும் இப்படித்தாண்டா இருந்துச்சாம்."

அவன் பாம்பன்காரன். அவனுடைய தாய்வழிப் பாட்டி வீடு தனுஷ்கோடியில் இருந்தது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, அங்கே இறங்கி, கப்பலேறி, தலைமன்னார் போய், மறுபடி ரயிலேறிக் கொழும்பு போவார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், கஸ்டம்ஸ், பள்ளிக்கூடம், மாதா கோவில் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் இழுத்துப் போனது. நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். பாம்பன் பாலமும் உடைந்தது. ஈ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் அதைச் சரிசெய்தார். பாலம் திரும்பி வந்தது. ஊர் வரவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ரோடு. வண்டி தானாகவே மெதுவாகிறது. கூரையில்லாத மாதா கோவில் சுவரைப் பார்க்கலாம். ஆனால் அது வெறும் இடிபாடு இல்லை. மீனவக் குடும்பங்கள் இன்னும் குடிசைகளில் இருக்கிறார்கள். வேனில் வருகிற கூட்டம் கால்மணி நேரத்தில் போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறது.

நண்பன் மணலில் அங்கேயும் இங்கேயும் நடந்தான். பாட்டி வீடு எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் அம்மா அந்த ராத்திரியில் தப்பித்தவர். அதைப் பற்றிக் கடைசி வரை வாய் திறக்கவில்லை. "அம்மா இருக்கறப்பவே கேட்டிருக்கலாம்டா," என்றான். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை. சங்குமாலை விற்கிற அம்மா ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். பாம்பன் என்றதும் உட்காரப் பலகை போட்டார். போலீஸ்காரர் மாலையில் எல்லோரையும் கிளம்பச் சொல்லும் வரை, அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அவர் தன் மாமியார் சொன்னதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் இது கிடைத்திருக்காது.

தம்பி தங்கைகளே, 1964-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி கைமாறியதைச் சிறு பிள்ளையாகப் பார்த்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல். உங்கள் தெருவிலேயே ஒரு தாத்தா, ஒரு ஆயா இருப்பார்கள். இந்த விடுமுறையில் ஆளுக்கு ஒருவரிடம் போய் உட்காருங்கள். அவர்கள் சொல்கிற பேச்சிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த மலரில் நாலு பக்கம் அதற்கு ஒதுக்கும்படி சங்கச் செயலாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். அச்சுச் செலவு எங்க செட்டு பொறுப்பு.