வலியவர் வழிவிடட்டும்

(பழைய மாணவர் சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரி நாள் நினைவுகள் பற்றிப் பேசும்படி செயலாளர் கடிதம் எழுதியிருந்தார். அதை என்னைவிடச் சுவையாகப் பேசக்கூடியவர்கள் இந்த மேடையிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். "நான் ரோட்டைப் பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். "பேசுங்க சார், ஆனா இருபது நிமிஷம்தான்" என்றார். கட்டுப்படுகிறேன்.

எந்த ரோடு? நம் கல்லூரி வாசலுக்கு முன்னால் ஓடுகிற ரோடுதான்.

நான் இங்கே இயற்பியல் படித்தது 1975 முதல் 1978 வரை. அன்றைக்கு இந்தக் கல்லூரியில் மிக நெரிசலான இடம் சைக்கிள் ஸ்டாண்டு. மாணவர்கள் மட்டுமல்ல, பாதிப் பேராசிரியர்கள் சைக்கிளில்தான் வந்தார்கள். டைனமோ லைட் வைத்திருப்பவன் பணக்காரன். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் பிடிப்பார். விளக்கில்லாமல் போனாலும் பிடிப்பார். இன்று காலை அந்த ஸ்டாண்டைப் போய்ப் பார்த்தேன். வரிசை வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், ஸ்கூட்டர்கள். மூலையில் நாற்பது ஐம்பது சைக்கிள்கள். அதில் பெரும்பாலானவை பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிள்கள். பதினோராம் வகுப்பில் வாங்கியதை பி.எஸ்ஸி. மூன்றாம் ஆண்டு வரை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த நாற்பது ஐம்பது பேருக்காகத்தான் இன்று பேச வந்தேன்.

இந்த மண்டபத்தில் இருக்கும் என் வயதுக்காரர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் சைக்கிள் கட்சி. இன்று பெரும்பாலோர் கார் கட்சிக்கு மாறிவிட்டோம். கட்சி மாறினால் பேச்சும் மாறுகிறது. கார் கட்சிக்காரர்களைக் கேளுங்கள்: "சைக்கிள்காரங்க திடீர்னு குறுக்கே திரும்புறாங்க சார். ராத்திரியில லைட்டே கிடையாது. மூணு பேர் சேர்ந்து கதை பேசிக்கிட்டே ரோட்டை அடைச்சுக்கிட்டுப் போறாங்க. ராங் சைடுல வர்றாங்க." இதில் ஒன்றும் பொய் இல்லை.

சைக்கிளில் வருகிற பிள்ளைகளைக் கேளுங்கள்: "காதுக்குப் பக்கத்தில வந்து ஏர் ஹாரன் அடிக்கிறாங்க. உரசுற மாதிரி முந்துறாங்க. முந்தின உடனே இடது பக்கம் ஒடிச்சு பஸ்ஸை நிறுத்துறாங்க. எதிர்த்தாப்பல வர்ற கார் எங்களை ஒரு வண்டியாவே கணக்கில எடுக்காம ஓவர்டேக் பண்ணுது. நாங்கதான் மண்ணுல இறங்கணும்." இதிலும் பொய் இல்லை.

இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது, ஆளுக்குப் பாதி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முப்பது வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். அந்தத் தீர்ப்பை இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. ஒரு சின்னக் கணக்கு போடுவோமா?

ஒரு மாணவியும் அவளுடைய சைக்கிளும் சேர்ந்து 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். ஆட்களோடு ஒரு பஸ் 14 டன். வேகம் 60. எடையில் பஸ் 200 மடங்கு. வேகத்தில் 4 மடங்கு. இயக்க ஆற்றலுக்கு வேகத்தை இருமடி எடுக்க வேண்டும், ஆகவே 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 3,200 மடங்கு. சைக்கிள்காரர் தப்புச் செய்தால் பஸ்ஸின் பெயிண்டில் ஒரு கீறல் விழும். பஸ்காரர் தப்புச் செய்தால் ஒரு வீட்டில் விளக்கு அணையும். சைக்கிள்காரரே தப்புச் செய்தாலும் அடிபடுவது சைக்கிள்காரர்தான். ஆகவே பாதிப் பாதி என்ற பங்கீடு இங்கே செல்லாது.

இன்னொரு கணக்கு. ஆபத்தைக் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடியாவது ஆகும். மணிக்கு 30-ல் போகிற கார் அந்த ஒரு நொடியில் 8 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு இன்னும் 6 மீட்டர். நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால் 14 மீட்டரில் நின்றுவிடும். மணிக்கு 60-ல் போகிற கார் அந்த ஒரு நொடியிலேயே 16 மீட்டரைத் தாண்டிவிடும். அதாவது, மெதுவாக வந்த கார் முழுசாக நின்றுவிட்ட இடத்தில், வேகமாக வந்த கார் இன்னும் பிரேக்கையே தொடவில்லை. அது நிற்க ஏறக்குறைய 40 மீட்டர் வேண்டும். காரும் சைக்கிளும் பாதசாரியும் கலந்து போகும் இடங்களில் வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது என்று 2020-ல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை.

"ஓரமாப் போக வேண்டியதுதானே?" என்று கேட்பவர்கள் ஒரு நாள் அந்த ஓரத்தில் நடந்து பார்க்க வேண்டும். தார் மேல் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துவிட்டது. பக்கத்து மண் அரையடி கீழே கிடக்கிறது. விளிம்பில் மணல், கண்ணாடித் துண்டு, நிறுத்தி வைத்த லாரி, மூடியில்லாத சாக்கடை. சைக்கிள் நேராக நிற்பதற்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கொஞ்சம் ஆடித்தான் போகும். பள்ளத்துக்கு ஒதுங்க ஒரு முழம் வேண்டும். அந்த ஒரு முழத்தைத்தான் "குறுக்கே வந்துட்டான்" என்கிறோம்.

2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான், 64,105. இவை அரசுக் கணக்கில் ஏறியவை. கணக்கில் ஏறாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படித்த ஒரு பெண். ஊர் ஆறு கிலோமீட்டர் தள்ளி. ஒரு மாலை லாரி ஒன்று உரசிக்கொண்டு முந்தியதில் வயலில் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஆஸ்பத்திரியும் இல்லை, கேஸும் இல்லை. மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர்கள் இரண்டு முறை வீட்டுக்குப் போனோம். அவள் அப்பா மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார். "சார், படிப்பு வேணும்தான். புள்ள அதைவிட வேணும்ல?" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பெண் பிளஸ் டூ எழுதவில்லை. எந்த விபத்துப் புள்ளிவிவரத்திலும் அவள் பெயர் இல்லை.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கு நினைவிருக்கும். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஏறி மிதித்தார்கள். பஸ்ஸுக்கும் கணவருக்கும் காத்திராமல் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். 2001-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பிறகு விரிந்து, இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கிடைக்கிறது. சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை ஓட்டிப்போக ரோட்டில் ஒன்றரை மீட்டர் இடம் யார் கொடுப்பது?

இந்தச் சிக்கலுக்கு ஒரு சுலபமான வழி உண்டு, சைக்கிளை ரோட்டிலிருந்து விரட்டிவிடுவது. 2013-ல் கல்கத்தாவில் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரர், பேப்பர்காரர் எல்லோரும் திண்டாடினார்கள். எதிர்ப்பு வந்து பிறகு பட்டியலைக் குறைக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வழி ஹாலந்து போன வழி. அந்த நாடு பிறந்ததிலிருந்தே சைக்கிள் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். 1950, 60-களில் அங்கேயும் கார் பெருகியது, சைக்கிள் ஓரம் கட்டப்பட்டது. 1971-ல் மட்டும் சாலையில் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,300 பேர், அதில் 400-க்கு மேல் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கென்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972-ல் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பது அதன் தலைப்பு. அதே பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. தாய்மார்கள் குழந்தைகளோடு தெருவில் உட்கார்ந்தார்கள். 1973-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அதன் பிறகுதான் தனிப் பாதைகள், வேகம் குறைந்த குடியிருப்புத் தெருக்கள் எல்லாம் வந்தன. 2023-ல் அங்கே சாலையில் இறந்தவர்கள் 684 பேர். அதிலும் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். ஆகவே வேலை முடிந்துவிட்டது என்று அவர்களும் சொல்வதில்லை. ஆனால் 1971-ஐ நினைத்துப் பாருங்கள்.

அந்த நாட்டுச் சட்டத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கும். காரும் சைக்கிளும் மோதினால், தவிர்க்கவே முடியாத நிலை என்று கார் தரப்பு நிரூபித்தால் ஒழிய, நஷ்டஈடு கார் தரப்பின் பொறுப்பு. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் பேச்சே இல்லை, முழு ஈடு. இங்கிலாந்தும் 2022 ஜனவரியில் தன் சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தி, அதிகத் தீங்கு செய்யக்கூடிய வண்டிக்கே அதிகப் பொறுப்பு என்று எழுதிக்கொண்டது. இது ஒன்றும் நமக்குப் புதிய கொள்கை அல்ல. திருக்குறளில் அருளுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை மாணவர்கள் வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். ஸ்டியரிங் வீலுக்கு மேலே ஒட்டி வைக்க வேண்டிய குறள்.

நம் சட்டத்திலும் சில நல்லவை இருக்கின்றன, பலருக்குத் தெரியவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவுப்படி, மோட்டார் வண்டியால் ஒருவர் இறந்தால் 5 லட்சம், பலத்த காயம் என்றால் 2.5 லட்சம், யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கலாம். இடித்துவிட்டு ஓடிய வண்டி கிடைக்காவிட்டால், 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பவருக்கு 134-ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. "நமக்கேன் வம்பு" என்று ஒதுங்க வேண்டியதில்லை.

கார், பைக் வைத்திருக்கும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பைக் ஓட்டும் தம்பிகளே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சைக்கிளுக்கு முன்னால் நீங்களும் பெரிய வண்டிதான். ஒன்று, சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் இதுதான் சட்டம். இடம் இல்லையா, பின்னாலேயே போங்கள். இரண்டு, முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடிக்காதீர்கள். திடுக்கிட்டால் ஹேண்டில்பார் உங்கள் பக்கம்தான் திரும்பும். மூன்று, நிறுத்திய காரின் கதவை, கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும்.

சைக்கிளில் வரும் தங்கைகளே, தம்பிகளே, உங்களுக்கும் மூன்று. பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் விளக்கும் இல்லாமல் மாலைக்கு மேல் ரோட்டுக்கு வராதீர்கள். ராங் சைடு வேண்டவே வேண்டாம். வலது பக்கம் திரும்பும் முன் திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, வழி கிடைத்த பிறகு திரும்புங்கள். காதில் இயர்போன் இருந்தால் கழற்றிப் பையில் போடுங்கள். இது நான்காவதாகிவிட்டது, வாத்தியார் புத்தி, மன்னியுங்கள்.

கடைசியாக, சங்கத்துக்கு. ஆண்டுதோறும் ஏதாவது ஒரு கட்டடத்துக்கு நிதி திரட்டுகிறோம், நல்லதுதான். இந்த ஆண்டு கட்டடத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு இரு பக்கமும் அரை அரைக் கிலோமீட்டருக்கு வேகம் 30 என்று நிர்ணயிக்கவும், தார் விளிம்பை ஒட்டிய மண்ணை நிரவி ஒன்றரை மீட்டர் அகலத்துக்குச் சமப்படுத்தவும் கலெக்டரிடம் மனுக் கொடுப்போம். நம் சங்கத்தில் வக்கீல்கள் இருக்கிறார்கள், சாலைப் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். எந்த மேஜையில் கோப்பு நிற்கும் என்று நமக்கா தெரியாது? மனுவோடு நிற்காமல், ஸ்டாண்டில் இருக்கும் ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒரு பின்விளக்கு சங்கத்தின் செலவில் மாட்டுவோம். முதல் பத்து விளக்குக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோமீட்டர் தூரத்தை 60-ல் கடக்க ஒரு நிமிஷம். 30-ல் கடக்க இரண்டு நிமிஷம். நான் உங்களிடம் கேட்பது அந்த ஒரே ஒரு நிமிஷத்தைத்தான். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன்.