பெயரோடு ஒரு படம்



நினைவுக் கூட்டம் என்றால் மேடையில் ஒரு படம் இருக்கும், மாலை இருக்கும். மலக்குழியில் மூச்சடைத்து இறந்தவர்களின் வீடுகளுக்கு நாங்கள் போயிருக்கிறோம். படம் கேட்டால் ஆதார் அட்டையை நீட்டுவார்கள். இல்லையென்றால், கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் ஓரமாக நிற்பவரை வெட்டியெடுத்துத்தான் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கிறோம்.

அப்படியானால் நம்மை யாருமே படமெடுக்கவில்லையா? எடுத்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் நம் முன்னோர் இருக்கிறார்கள். மூக்கை அளந்து சாதியைத் தரம் பிரித்த ஆய்வு அது. படங்களின் கீழே சாதிப்பெயர் இருக்கிறது, ஆளின் பெயரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பிறகு பத்திரிகைகள் வந்தன. எரிந்த குடிசையையும் குழியிலிருந்து தூக்கிய உடலையும் எடுத்தன. அந்தப் படங்கள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் சாவுகள் தொடர்கின்றன. சான்று வேண்டும். ஆனால் செத்தால்தான் கேமரா வருமென்றால், அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு யார் சாட்சி?

மீன் விற்ற தாயின் மகன் எம். பழனிக்குமார், தன் அம்மாவின் உழைப்பைப் படமெடுத்து வளர்ந்த கலைஞர். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். 'பாரி' இணையதளத்தில் வரும் அவருடைய படங்களின் கீழே ஆளின் பெயரும் ஊரும் இருக்கின்றன. மராட்டியத்தில் சுதாரக் ஓல்வே, மும்பைத் துப்புரவுப் பணியாளர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்தார். இருவருமே ஒரு நாள் வந்து எடுத்துப் போனவர்கள் அல்லர்.

நாங்களும் தவறியிருக்கிறோம். துடைப்பத்தோடு பத்துப் படங்கள் எடுத்த பிறகு ஓர் அக்கா கேட்டார்: "வேலை முடிஞ்சு, குளிச்சு, தலை சீவிட்டு வர்றேன். அப்ப ஒண்ணு எடுக்க மாட்டீங்களா?" எங்களிடம் பதில் இல்லை. அவருடைய வேலையைத்தான் பார்த்திருந்தோம், அவரைப் பார்க்கவில்லை. சாதியும் நம்மை அப்படித்தானே பார்க்கிறது?

அன்று மாலை காத்திருந்து எடுத்தோம். பூ வைத்துக்கொண்டு, பேத்தியை மடியில் இருத்திச் சிரித்தார்.

இனி நாம் கேட்டு எடுப்போம். பெயரையும் தேதியையும் எழுதுவோம். கண்காட்சிக்கு அனுப்பும் முன் முதல் பிரதியை அந்த வீட்டில் கொடுப்போம். அந்த அக்காவின் வீட்டுச் சுவரில் இன்று அந்தப் படம் தொங்குகிறது. மாலை இல்லை.

ஜெய்பீம்.