எடையும் மதிப்பும்



என் அத்தா மலாக்காத் தோட்டங்களில் இஸ்லாமியப் பாடல்கள் பாடியவர். அவர் மவுத்தான பிறகு, அவருடைய பாட்டு நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். எடை தெரிந்தது; மதிப்பு தெரியவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். புத்தகங்கள், பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள் என்று சுமார் 1 லட்சம் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தார். 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. கப்பலேற்றவில்லை, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக்கினார்கள்.

உங்கள் வீட்டில் பாடகரின் நோட்டோ ஒலிநாடாவோ இருந்தால், பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள். யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி உடன் வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்றே கேளுங்கள்.