வேப்பங்கொத்தும் தகரமும்



தலைமை தாங்க அழைத்த கடிதம் வந்தபோது விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று உறையை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். எதிரே முதல் வரிசையில் எனக்குப் பாடம் சொன்னவர்கள் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்து, என் கட்டுரை எதையும் சும்மா விட்டதில்லை என்று பெயரெடுத்த சென்னை நண்பர். இவர்கள் முன்னால் நின்று பேசுவதற்குப் பங்குனி வெயிலில் பருத்தி எடுக்கப் போய்விடலாம். கோவில்பட்டியில்கூட நடத்தாமல் பசுவந்தனைக்குக் கூட்டிவந்து, கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டு, பையில் கடலைமிட்டாயும் வைத்துக் கொடுத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. அந்த மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020 ஏப்ரலில். ஊரே அடைத்துக் கிடந்ததால் கொண்டாட ஆளில்லாமல் போன பெருமை அது.

அழைப்பிதழில் உள்ள தலைப்பு ‘பெருந்தொற்றுக் காலத்தில் மக்களின் பரிசோதனை விருப்பம்’. அடிப்படை விவரங்களை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 மார்ச் 7இல் தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி, ஆர்டி-பிசிஆர் ஒன்றையே நம்பிய அரசின் முடிவு, தெருத்தெருவாக நடந்த காய்ச்சல் முகாம்கள் எல்லாம் நாளைய அமர்வுகளில் வரும். ஒரே ஒரு கணக்கை மட்டும் நினைவூட்டுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே, ஜூனில் நடத்திய முதல் ரத்த ஆய்வின்படி, கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு தொற்றுக்கும் 82 முதல் 130 தொற்றுகள் நடந்திருந்தன. இத்தனையும் மக்கள் ஒளிந்துகொண்டதால் வந்தவை அல்ல. அறிகுறியே இல்லாதவர்கள் பலர், டெஸ்ட் கிடைக்காதவர்கள் பலர். ஆனால் ஒளிந்தவர்களும் உண்டு. என் பேச்சு அவர்களைப் பற்றியது.

அவர்களைப் பற்றி நம் துறையில் ஒரு வாய்பாடு இருக்கிறது: ‘விழிப்புணர்வின்மை’. சென்னை நண்பர் அதோடு ‘அம்மன் நம்பிக்கை’யையும் சேர்த்துக்கொள்வார். கரிசக்காட்டு ஜனங்கள் நோயைத் தெய்வத்தின் கணக்கில் எழுதிவிடுவதால் பரிசோதனைக்கு வருவதில்லை என்று மூன்றாண்டுகளாக எழுதிவருகிறார். அவர் உழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் வேப்பிலையைப் பார்த்திருக்கிறாரா என்பதில்தான் சந்தேகம்.

இந்த ஊர்களில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டால் என்ன நடக்கும்? அன்றைக்கே வீட்டுக்காரி வேப்பங்கொத்தை ஒடித்து வாசல் நிலையில் செருகிவிடுவாள். வீட்டில் தாளிப்பு நின்றுவிடும். கடன் கேட்டு வந்தவர்கூட தெருவிலேயே நின்று பேசிவிட்டுப் போவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு அதே கை கொத்தை எடுத்துப் போடும். இதை என்னவென்று சொல்வீர்கள்? நோய் கண்டறிதல், அறிவிப்பு, தனிமைப்படுத்தல், விடுவிப்பு நான்கும் இதில் இருக்கின்றன. கட்டாயம் இல்லை, அபராதம் இல்லை, கலெக்டர் உத்தரவும் இல்லை. தன் வீட்டு நோயைத் தானே வாசலில் எழுதிவைக்கும் ஜனங்களைப் பார்த்து, நோயை மறைப்பது இவர்கள் பண்பாடு என்று எழுத எப்படி மனம் வருகிறது? அம்மன் நம்பிக்கை காரணம் என்றால், அந்த நம்பிக்கை இவர்களை அறிவிக்க அல்லவா வைத்தது?

அதே தெருக்கள் 2020இல் காய்ச்சலை மறைத்தன. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். வேப்பிலையைத் தானே செருகியவள் வேறு எதற்குப் பயந்தாள்?

நகரத்தில் பாசிட்டிவ் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், நோட்டீஸ் ஒட்டினார்கள். கிராமத்தில் வேலிமுள்ளை வெட்டித் தெருவில் போட்டார்கள். கொத்தைச் செருகியது வீட்டுக்காரி. தகரத்தை அடித்தது வெளியிலிருந்து வந்த ஆள், அதைப் பிடுங்கவும் அவர்தான் வர வேண்டும். பால்காரர் முதல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரை எல்லாரும் அதைப் படிக்கலாம். நோயாளி வீட்டில் சுவரொட்டி ஒட்டக் கூடாது, பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி தனி உத்தரவு இருந்தால் மட்டுமே ஒட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 9இல். அதற்குள் முதல் அலையே ஓய்ந்துவிட்டது.

இனி நான் சுமந்துகொண்டு திரியும் ஆவணத்துக்கு வருகிறேன். அது ஒரு நீள நோட்டு. இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் பெட்டி அடைக்கும் பெண்களுக்குக் கணக்கு எழுதிய அம்மா எனக்குக் காட்டியது. ஓரமெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. ஆள் பெயர், அடைத்த பெட்டி, சனிக்கிழமைச் சம்பளம், வராத நாளுக்கு நேரே காரணம். 2020 ஜூனில் ஒரு வாரம் மூன்று பெண்கள் அடுத்தடுத்து நான்கு நாள் வரவில்லை. மூன்று பெயருக்கு நேரேயும் ஒரே சொல்தான்: ‘கோயில்’. அந்த ஜூனில் தமிழ்நாட்டில் கோயில்கள் பூட்டிக் கிடந்தன.

கேட்டேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, “காச்சல்னு எழுதுனா ஆபீஸ மூடிருவாக சார்” என்றார். “மூடுனா அறுபது பொம்பளைக்குச் சம்பளம் இல்ல. அவளுவ வீட்டுக்குள்ளதான் கெடந்தாளுவ. கஞ்சி நாங்கதான் வாசல்ல வச்சிட்டு வந்தோம்.”

‘விழிப்புணர்வின்மை’ என்று இதை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? காய்ச்சல் தொற்றும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஒதுங்கியும் இருந்திருக்கிறார்கள். தவிர்த்தது டெஸ்டை மட்டும். டெஸ்ட் எடுத்தால் வரும் முடிவுக்கு 14 நாள் கூலி விலை. அதுவும் எடுத்தவளின் கூலி மட்டும் இல்லை, அறுபது பேர் கூலி. ஒரு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு வட்டாரத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று நண்பர் எழுந்திருப்பார். நியாயம்தான். ஆனால் இப்படிப்பட்ட நோட்டுகள் இந்தச் சுற்றுவட்டாரமெங்கும் பரணில் கிடக்கின்றன. கரையான் அரிப்பதற்குள் நம் மாணவர்கள் யாராவது போய்ப் புரட்டட்டும். சுகாதாரத் துறை அறிக்கையை நூறு பேர் மேற்கோள் காட்டுகிறோம், வாரச் சம்பளக் கணக்கை ஒருவரும் தொடவில்லை.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். நாம் ‘பரிசோதனை’ என்று எழுதுகிறோம். ஜனங்கள் ‘டெஸ்ட்’ என்றார்கள், அல்லது ‘சோதனை’ என்றார்கள். சோதனை என்றால் போலீஸ் வந்து வீட்டைப் புரட்டுவதும் அதுதான், சாமி கொடுக்கும் கஷ்டமும் அதுதான். மும்பையிலிருந்து வந்த பிள்ளைகளைக் கங்கைகொண்டானில் இறக்கிச் சளி எடுத்த இடத்துக்குப் பெயரே சோதனைச் சாவடி. அதே ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குப் பிறகு கடை திறந்திருந்தது என்று போலீஸ் பிடித்துப்போன தகப்பனையும் மகனையும் அடைத்தது கோவில்பட்டிக் கிளைச் சிறையில். இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த வாரத்தில் காக்கிச்சட்டை கூடவர ஒரு சுகாதாரப் பணியாளர் கதவைத் தட்டினால், திறக்காதவளை அறியாமை என்று நான் சொல்லமாட்டேன்.

இது இன்று முளைத்த பயமும் இல்லை. மணியாச்சி–தூத்துக்குடி ரயில் பாதையில் இருக்கிறது தட்டப்பாறை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறப் போனவர்களை நிறுத்திவைத்து உடம்பைப் பார்த்து அனுப்பிய முகாம் அங்கே இருந்தது. 1914இல் பாம்பன் ரயில் வழி திறந்த பிறகு அந்த வேலை மண்டபம் முகாமுக்குப் போனது. டாக்டர் உடம்பைப் பார்ப்பது என்றால் பயணத்தை நிறுத்துவது என்பதை இந்த மண் அப்போதே பார்த்தாயிற்று. இதை முன்பே ஒரு கட்டுரையில் எழுதினேன். மதிப்பீட்டாளர் ‘தலைப்புக்குத் தொடர்பில்லை’ என்று திருப்பி அனுப்பினார். அவர் இன்று வந்திருக்கிறார், நலமாக இருக்கிறார், மகிழ்ச்சி.

வேறு வழி இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது, நம் கையிலேயே. 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த மாதிரிகளில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரியவந்தது. அதற்குப் பின் நாம் கற்றதெல்லாம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஓர் அறையாக நிற்கிறது. அதன் பலகையில் ‘நம்பிக்கை மையம்’ என்று எழுதியிருக்கிறது. முதலில் உட்காரவைத்துப் பேசுவார்கள், பிறகுதான் ஊசி. முடிவு வந்தபின் மறுபடி பேச்சு. பெயர் வெளியே போகாது. கொரோனா மூச்சில் பரவுவது, அந்த முறை இதற்குப் பொருந்தாது என்பார் நண்பர். ரகசியம் முழுதாகப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். உட்காரவைத்துப் பேசுவது பொருந்தாதா? பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டத்தில், நோயாளி இருக்கும் இடத்தைச் சொன்னவருக்கு 1,000 ரூபாய் வரை பரிசு கொடுத்த நாடு இது. தகவல் சொன்னால் லாபம் என்று அன்று காட்டினோம், நஷ்டம் என்று 2020இல் காட்டினோம்.

என் பங்குக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த ஆகஸ்டில் எனக்குக் காய்ச்சல் கண்டது. வாசனை போயிற்று. பெருந்தொற்று வரலாற்றைப் பாடமாக நடத்தியவன் நான்கு நாள் டெஸ்ட் எடுக்காமல் படுத்திருந்தேன். எனக்கு விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவதைப் பார்க்கத்தான் தைரியம் இல்லை.

நேரம் ஆகிறது என்று அமைப்பாளர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டுகிறார். முதல் அமர்வில் முதல் கட்டுரை சென்னை நண்பருடையது. அவர் வினாநிரலில் ‘பரிசோதனை செய்துகொள்ள விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கேள்வி உண்டு. ‘பாசிட்டிவ் வந்தால் உங்கள் கூலியை யார் கொடுப்பார்கள்?’ என்று அதற்கு முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தால் அட்டவணை எப்படி மாறியிருக்கும் என்பதையும் அவர் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். மைக்கை அவரிடம் கொடுக்கிறேன்.