மண் பாதையும் நம் டயர்களும்

(சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பைச் சேர்ந்த ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர் ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பஞ்சர். மைக் பிடித்துப் பேச இதெல்லாம் ஒரு விஷயமா என்று சிலர் நினைக்கலாம். இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட பஞ்சர் ஒட்டாதவர்கள் கை தூக்குங்கள், நான் உட்கார்ந்துவிடுகிறேன். (சிரிப்பு.) ஒரு கையும் மேலே வரவில்லை. அதனால் பேசுகிறேன்.

நம் தபால் முகவரி தர்மபுரி. ஆனால் கட்டடம் நிற்பது கிராம ஊராட்சி எல்லையில். தார் சாலையை விட்டு இறங்கினால் நம் கேட் வரை மண் பாதைதான். ஃப்ளாட் வாங்கும்போது "ரோடு சீக்கிரம் வந்துவிடும் சார்" என்று சொன்னார்கள். நாம் வந்துவிட்டோம், ரோடு வரவில்லை. மழைக்காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி, எல்லாக் காலத்திலும் பஞ்சர்.

இது தலைவிதி அல்ல என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். பஞ்சருக்குக் காரணம் உண்டு. பாதியை நாமே சரி செய்துகொள்ளலாம். மீதி பாதிக்கு ஊராட்சியிடம் போக வேண்டும். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன்.

முனையில் இருக்கும் பஞ்சர் கடைக்காரத் தம்பியிடம் ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருக்கிறது. டயரில் இருந்து பிடுங்குவதை எல்லாம் அதில் போட்டு வைக்கிறார். ஒரு நாள் அதைக் கொட்டிக் காட்டச் சொன்னேன். சீமைக்கருவேல முள், சென்ட்ரிங் ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, டைல்ஸ் சில்லு, பாட்டில் கண்ணாடி, கூர்மையான கருங்கல் சில்லு. இவற்றில் முள்ளும் கல்லும்தான் இந்த மண்ணில் கிடப்பவை. ஆணி, கம்பி, டைல்ஸ், கண்ணாடி எல்லாம் மனிதன் கொண்டு வந்து போட்டவை.

எப்படி வந்தன? பாதையில் குழி விழுகிறது. யாரோ நல்ல எண்ணத்தில், வீடு இடித்த மண்ணை ஒரு டிராக்டர் கொண்டு வந்து கொட்டிக் குழியை மூடுகிறார்கள். அதில் ஆணியும் கம்பியும் கலந்திருக்கின்றன. இரண்டு மழையில் மண் கரைந்து போகிறது. ஆணி மேலே தெரிகிறது. கட்டட இடிபாட்டைக் கொட்டிக் குழியை அடைப்பது பஞ்சருக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். குழியை அடைக்க வேண்டுமென்றால் கிராவல் வாங்கிக் கொட்டி, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்க வேண்டும்.

கல்லுக்கும் அதே கதை. நம் செம்மண் பாதையில் நடுப்பகுதி மேடாகவும் இரண்டு ஓரம் சரிவாகவும் இருந்தால் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிடும். நம்முடையது நடுவில் பள்ளம். தண்ணீர் பாதையிலேயே ஓடுகிறது. மண்ணை அரித்துக்கொண்டு போய், கல்லை மட்டும் முனை மேலாக விட்டுவிடுகிறது. அதன் மேல் ஜல்லி ஏற்றிய டிப்பர் ஓடினால் கேட்கவே வேண்டாம். பக்கத்தில் ஒரு வாய்க்கால் எடுத்தாலே பாதி பிரச்சினை தீரும்.

முள்ளுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் வேலிக்கு முள் வெட்டி இழுத்துக்கொண்டு போகும்போது கொஞ்சம் உதிர்கிறது. அவர்களிடம் சண்டை போடாதீர்கள். நமக்கு முன்னால் இருந்தவர்கள் அவர்கள். முள் வெட்டும் நாளில் நம் ஆள் ஒருவர் துடைப்பத்தோடு போனால் போதும்.

அடுத்தது காற்று. என் வேலைக் காலத்தில் டயர் மாட்டுவண்டிக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிக்கு பஞ்சர் என்பதே கிடையாது, ஆனால் மாட்டுக்குச் சுமை, ரோட்டுக்குக் கேடு. டயர் வண்டி வந்ததும் அதே மாடு கூடுதல் பாரம் இழுத்தது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அந்தப் பெயர்தான் நம் ஊரில் டன்லப் வண்டி என்று நின்றுவிட்டது. ஆகவே வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? சக்கரம் கல் மேல் ஏறும்போது டயர் நசுங்கி, டியூப் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பொத்தல் விழும். கடைக்காரர் இரண்டு பொத்தல் காட்டினால், ஆணியைத் தேட வேண்டாம், காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதிகமாக அடித்தாலும் ஆபத்து. டயர் கல்லாக விறைத்து, கூர்மையான கல் எளிதில் வெட்டிவிடும், சரளையில் பிடிப்பும் போகும்.

சரியான அளவு எவ்வளவு? ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலான சிறு கார்களுக்கு 30-லிருந்து 35-க்குள் இருக்கும். ஸ்கூட்டருக்கு முன் சக்கரம் வேறு, பின் சக்கரம் வேறு, பின்னால் ஆள் உட்கார்ந்தால் வேறு. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் ஓடி வந்த டயரில் காற்று கூடத்தான் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். காலையில் குறைந்து நிற்கும்.

மூன்றாவது, டயரின் வயது. காரின் டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் சட்டப்படியே மாற்ற வேண்டும். பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆயுள் முடிந்தது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. புது டயர் வாங்கும்போது அதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நான் பி.காம். படித்தவன், தேய்மானம் என்றால் எனக்குத் தெரியும். மொட்டை டயரில் மிச்சம் பிடிப்பது கணக்கில் லாபம் போலத் தெரியும், உண்மையில் நஷ்டம்.

ட்யூப்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு: ஆணி குத்தியிருப்பது தெரிந்தால் வழியில் பிடுங்காதீர்கள். ஆணியே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், காற்று மெல்லத்தான் இறங்கும். மெதுவாகக் கடை வரை போய்விடலாம். சமதளமான அடிப்பகுதியில் பொத்தல் என்றால் ஒட்டலாம். பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டக் கூடாது, டயரை மாற்றத்தான் வேண்டும். உள்ளே ஊற்றும் பசை மருந்தும் அடிப்பகுதியின் சிறு ஓட்டைக்குத்தான் உதவும். ஆணியே இல்லாமல் காற்று இறங்கினால் ரிம்மைப் பாருங்கள். குழியில் இடித்து விளிம்பு வளைந்திருக்கும்.

நாம் ஸ்டெப்னி என்று சொல்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரிலுள்ள ஒரு தெருவின் பெயர். 1904-ல் அங்கேதான் மாற்றுச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். இப்போது 2020-ல் செய்த விதித் திருத்தத்தின்படி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் ஒட்டும் கிட்டும் உள்ள ட்யூப்லெஸ் காருக்கு ஸ்டெப்னி கட்டாயம் இல்லை. புதுக் கார் வாங்கியவர்கள் டிக்கியைத் திறந்து பாருங்கள், ஸ்டெப்னி இருக்கிறதா என்று. இருந்தால் அதிலும் மாதம் ஒருமுறை காற்று பாருங்கள். டிக்கியில் ஒரு அடி அகலப் பலகை போட்டு வையுங்கள். மண்ணில் ஜாக்கி புதைந்துவிடும், பலகை மேல் வைத்தால் நிற்கும். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்த வேண்டும். எதிர்ச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். எக்காரணம் கொண்டும் வண்டிக்கு அடியில் கையையோ காலையோ விடாதீர்கள்.

இதுவரை சொன்னது நம் வண்டிகளைப் பற்றி. இனி நம் வீட்டுக்கு வருகிறவர்களைப் பற்றி. நமக்கு பஞ்சர் ஆனால் எரிச்சல், ஒரு மணி நேரம் தாமதம். பக்கத்துக் கிராமத்திலிருந்து சைக்கிளிலும் பழைய ஸ்கூட்டியிலும் வேலைக்கு வரும் அம்மாக்களுக்கு பஞ்சர் ஆனால் அன்றைய கூலியில் ஒரு பங்கு போகிறது. தள்ளிக்கொண்டே வந்து லேட்டானால் நாம் முகம் சுளிக்கிறோம். சில வீடுகளில் சம்பளத்தில் பிடிக்கிறார்கள் என்றும் கேள்வி. அது தர்மம் இல்லை. நம் பாதையில் ஆன பஞ்சர் நம் செலவு. சங்கம் ஒரு பம்பும் ஒட்டும் கிட்டும் வாங்கிக் காவலர் அறையில் வைக்கட்டும். யார் வேண்டுமானாலும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று போர்டு போடுங்கள்.

பள்ளி வேன் தார் சாலையிலேயே நின்றுவிடுகிறது. ஆட்டோக்காரர் கேட் வரை வர மறுக்கிறார். இதெல்லாம் சகித்துக்கொள்ளலாம். இரவு ஒரு மணிக்கு நெஞ்சு வலி வந்தால்? 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுப் பெண் குழந்தை இறந்தது. பாதை சரியில்லாததால் ஆம்புலன்ஸ் பாதியிலேயே நிற்க, பெற்ற தாய் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். நம் மாவட்டத்திலேயே பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்குத் தேர்தலின்போது வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில் போயிருக்கிறது. அவர்களோடு ஒப்பிட்டால் நம்முடையது சின்னக் குறை. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது. பாதையைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரம் ஆபத்து வந்த பிறகு அல்ல.

எங்கே கேட்பது? முதலில் அந்தப் பாதை யாருடையது என்று தெரிய வேண்டும். தமிழ்நாடு அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண் போட்டால் அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். அதில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருந்தால் அது அரசு நிலம், ஊராட்சி வேலை செய்யத் தடையில்லை. மனைப்பிரிவுப் பாதை என்றால் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்பதை வில்லங்கச் சான்றில் பார்க்கலாம். பட்டா இன்னும் தனியார் பெயரில் இருந்தால், ஊராட்சி அதில் தார் போட முடியாது. நாம் எத்தனை மனு கொடுத்தாலும் அதே பதில்தான் வரும். முதலில் பத்திரம், பிறகு தார். இதில் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

பத்திரம் சரியாக இருந்தால் கிராம சபை. ஆண்டுக்கு 6 நாள் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே போடும் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் கிராம சபையின் உறுப்பினர் யார்? அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள். நம்மில் பலருடைய வாக்கு இன்னும் சேலத்திலும் ஓசூரிலும் பெங்களூரிலும் இருக்கிறது. குடியிருப்பது இங்கே, ஓட்டு அங்கே. பிறகு எப்படி ஊராட்சி நம்மைக் கணக்கில் எடுக்கும்? படிவம் 8 கொடுத்து முகவரியை இங்கே மாற்றுங்கள். என் கணக்கில், ரோடு போடுவதற்கான முதல் வேலை இதுதான்.

ஆக, மூன்று தீர்மானங்களை இந்தக் கூட்டத்தின் முன் வைக்கிறேன். ஒன்று, இடிபாடு கொட்டுவதை நிறுத்தி, சங்கப் பணத்தில் கிராவல் போட்டு, ஓர வாய்க்கால் எடுப்பது. அரசு நிலம் என்றால் ஊராட்சியின் அனுமதியோடு செய்வோம். இரண்டு, காவலர் அறையில் பம்பும் ஒரு நோட்டும். யார் வண்டி, எந்த இடம், என்ன குத்தியது என்று எழுதுவோம். மூன்று மாதத்தில் எந்த இடத்தில் அதிகம் என்று தெரியும், அங்கே முதலில் வேலை செய்யலாம். மூன்று, அடுத்த கிராம சபைக்கு முன் வாக்காளர் பெயர் மாற்றமும், பாதையின் பத்திரப் பரிசோதனையும். பத்திரங்களைப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்தேன்.

வீட்டுக்குப் போகும் முன் கீழே நிற்கும் வண்டியின் டயரை ஒரு தரம் குனிந்து பாருங்கள்.