தரையில் அமர்த்தப்பட்டோரின் பாடல்



1941இல், அமெரிக்காவின் மிசிசிப்பியில், பருத்தித் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டிவந்த மடி வாட்டர்ஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியின் பாடல்களை ஆலன் லோமாக்ஸ் பதிவு செய்தார். அடிமைகளின் வழித்தோன்றல்கள் வளர்த்த 'புளூஸ்' இசையின் புகழ்பெற்ற பதிவுகள் அவை. அப்பணியில் உடன் உழைத்த கறுப்பின அறிஞர் ஜான் வொர்க்கின் பெயர் மட்டும் நெடுங்காலம் மறைந்தே கிடந்தது. இத்தகைய கதை ஒன்று நமக்கு அருகிலேயே, கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனிலும் உண்டு.

அங்குள்ள பரதேசி யூத ஆலயம் 1568இல் எழுப்பப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறிய வணிகக் குடும்பங்களின் ஆலயம் அது. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோரும் அங்கே தொழுதனர். மதம் ஒன்றே, மறையும் ஒன்றே. ஆயினும் அவர்களுக்கு இருக்கை இல்லை. முன்கூடத்துத் தரையே இடம். மறை வாசிக்கவும் அவர்களை அழைப்பதில்லை. நந்தனை வாசலில் நிறுத்திய நாட்டில் இது புதுமையுமன்று. அவ்வழியில் தோன்றிய வழக்கறிஞர் ஏ.பி. சலேம் (1882-1967) ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார். 'யூதக் காந்தி' என்று அழைக்கப்பட்டவர் அவர். தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன.

அதே சமூகத்தில் 1912இல் பிறந்தவர் ரூபி டேனியல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவில் பணியாற்றிய அவர், 1951இல் இஸ்ரேல் சென்று கூட்டுப்பண்ணை ஒன்றில் வாழ்ந்தார்.

கொச்சி யூதப் பெண்கள் திருமணங்களிலும் திருநாள்களிலும் மலையாளப் பாடல்களைப் பாடிவந்தனர். கையெழுத்து நோட்டுகளில் அவற்றைப் படியெடுத்துத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களும் அவர்களே. 'வெள்ளை யூதர்', 'கறுப்பு யூதர்' என்று ஆலயத்தால் பிரிந்திருந்தோருக்கும் பாடல்கள் பொதுவாயிருந்தன. இது கவனிக்கத்தக்கது.

நோட்டில் சொல் இருக்கும், மெட்டு இராது. 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். எனவே பி.எம். ஜஸ்ஸே, பார்பரா ஜான்சன், ஷெர்லி ஐசன்பெர்க் முதலியோர் நோட்டுகளைத் திரட்டியதோடு நில்லாமல், முதிய பெண்களின் குரலையும் ஒலிநாடாவில் பதிந்தனர். பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களில் ரூபி டேனியலே முதன்மையானவர். ஆய்வாளர்களுக்குச் செய்தி தந்து ஒதுங்கிய 'தகவலாளி' அல்லர் அவர். 1995இல் பார்பரா ஜான்சனுடன் இணைந்து வெளியிட்ட தம் நினைவுநூலில், தம் மக்கள் பட்ட இழிவையும் அவர் எழுதினார். பாடல்களைப் பற்றியும் எழுதினார்.

2004இல் ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யூத இசை ஆய்வு மையம் அப்பதிவுகளைக் குறுந்தட்டாக வெளியிட்டது. மறு ஆண்டில் ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்த பாடல் நூல் வந்தது. அதன் பெயர் 'கார்குழலி'. தமிழருக்கு உரை வேண்டாத பெயர். இவ்விரண்டும் வெளிவந்தபோது ரூபி டேனியல் உயிரோடில்லை, 2002இல் மறைந்திருந்தார்.